பழுப்பும் பச்சையும் பிரியாத கண்ணோடு மாடல்களுக்கு வண்ணம் பூசுதல்

1940-இல் பிரிட்டன் வான்போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் மேற்பரப்பில் இரண்டு நிறங்கள் உண்டு. ஒன்று டார்க் எர்த் எனப்படும் மண் பழுப்பு, மற்றது டார்க் கிரீன் எனப்படும் கரும்பச்சை. இரண்டும் பெரிய வளைவுகளாக ஒன்றுக்குள் ஒன்று புகுந்து செல்லும். அடிப்பகுதிக்கு ஸ்கை என்ற வெளிர் பச்சை. பிளாஸ்டிக் மாடல் கட்டத் தொடங்குபவர்களில் கணிசமானோர் 1/72 அளவிலான, அதாவது உண்மை விமானத்தில் 72-இல் ஒரு பங்கு நீளமுள்ள, ஒரு ஸ்பிட்ஃபயர் கிட்டை வைத்துத்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படியே தொடங்கினேன். சிவப்பு–பச்சைப் பார்வைக் குறைபாடு உள்ள ஒருவருக்கு இதைவிட வம்பான தொடக்கம் அமையாது. அந்தப் பழுப்பும் பச்சையும் சாயலில் வேறுபட்டாலும் அடர்த்தியில் ஏறத்தாழச் சமமானவை என்பதால், மற்றவர்களுக்குப் பளிச்சென்று தெரியும் எல்லைக்கோடு, பூச்சு காய்ந்த பிறகு, எனக்கு இருக்கிறதா இல்லையா என்று தேடிப் பார்க்க வேண்டிய ஒன்றாகிவிடுகிறது.

எனக்கு இருப்பது டியூட்டரனாமலி. விழித்திரையில் உள்ள கூம்புச் செல்களில் நீண்ட அலைநீளத்துக்கானவை ஏறத்தாழ 560 நானோமீட்டரிலும், நடு அலைநீளத்துக்கானவை ஏறத்தாழ 530 நானோமீட்டரிலும் உச்ச உணர்திறன் கொண்டவை. இவ்விரண்டும் தரும் செய்திகளின் வேறுபாட்டைக் கொண்டே மூளை சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிகிறது. என்னைப் போன்றவர்களுக்கு நடு அலைக் கூம்பின் உச்சம் மற்றதன் பக்கமாக நகர்ந்துவிட்டதால் அந்த வேறுபாடு குறுகிப்போகிறது. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு–பச்சைக் குறைபாடு ஏதேனும் ஒரு வடிவில் உண்டு. எக்ஸ் குரோமோசோம் வழியாகத் தாயிடமிருந்து மகனுக்கு வரும் குறை இது என்பதால், என் தாய்மாமனுக்கும் இது இருந்ததில் வியப்பில்லை. எனக்கு அது உறுதியானது வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில். 1917-இல் இஷிஹாரா ஷினொபு வெளியிட்ட புள்ளித் தட்டுகளில், பிறர் 74 என்று படிக்கும் ஒன்றை நான் தயக்கமே இல்லாமல் 21 என்று படித்தேன்.

இந்தப் பொழுதுபோக்கில் நிலைத்திருக்க எனக்கு உதவியது, நிறத்தைப் பார்வையின் வேலையாக வைத்துக்கொள்ளாமல் தகவலின் வேலையாக மாற்றிக்கொண்டதுதான். ஒரு விமானத்தின் எந்தப் பகுதிக்கு எந்த நிறம் என்பதை நல்ல பார்வை உள்ளவர்களும் கண்ணால் பார்த்து முடிவு செய்வதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. அவற்றிலும் ஆர்த்தோகுரோமாட்டிக் படச்சுருளில் எடுத்தவை சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தை வெளிறியும் காட்டுபவை. ஆகவே அவர்களும் ஆவணங்களையும் நிற எண்களையும் பெயிண்ட் நிறுவனங்களின் அட்டவணைகளையும் நம்பித்தான் குப்பியைத் திறக்கிறார்கள். அந்த இடம் வரை நானும் அவர்களும் சமம்.

எண்களில் எனக்கு மிகவும் பிடித்தது 1956-இல் அமெரிக்க அரசு வெளியிட்ட ஃபெடரல் ஸ்டாண்டர்டு 595. ஐந்து இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணில் முதல் இலக்கம் பளபளப்பைச் சொல்கிறது: 1 என்றால் பளபளப்பு, 2 என்றால் இடைநிலை, 3 என்றால் மங்கல். இரண்டாவது இலக்கம் நிறக் குடும்பம்: 0 பழுப்பு, 1 சிவப்பு, 3 மஞ்சள், 4 பச்சை, 5 நீலம், 6 சாம்பல். கடைசி மூன்று இலக்கங்கள் ஏறத்தாழ வெளிர்மையின் வரிசையில் கூடிச் செல்கின்றன. வியட்நாம் போர்க்கால அமெரிக்க விமானப்படையின் மேற்பூச்சு 30219, 34102, 34079 என்ற மூன்று எண்களால் ஆனது. இந்த எண்களைப் படித்தாலே போதும்: முதலாவது பழுப்பு, மற்ற இரண்டும் பச்சை, மூன்றும் மங்கல், 219 எல்லாவற்றிலும் வெளிர், 079 எல்லாவற்றிலும் அடர். ஒரு விமானத்தின் நிற அமைப்பை என் கண்ணால் எட்ட முடியாத துல்லியத்தில் இந்த எண்கள் எனக்குச் சொல்லிவிடுகின்றன. ஜெர்மானிய ஆர்ஏஎல் முறையிலும் முதல் இலக்கமே குடும்பம்: 6 பச்சை, 7 சாம்பல், 8 பழுப்பு. ஆனால் 1943 முதல் ஜெர்மானிய டாங்கிகளுக்கு அடிநிறமாக இருந்த டுங்கெல்கெல்ப், அதாவது அடர் மஞ்சள், 7028 என்ற எண்ணைக் கொண்டது. பெயர் மஞ்சள் என்கிறது, எண் சாம்பல் குடும்பத்தில் சேர்க்கிறது. அப்படி ஒரு குழப்பத்தில் நிறம் நன்றாகத் தெரிபவர்களும் மாட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்குச் சிறிது ஆறுதலாக இருக்கும் என்பதை மறைப்பானேன். ஸ்கை நிறத்துக்குப் பலரும் பயன்படுத்தும், ஹம்ப்ரால் நிறுவனத்தின் 90-ஆம் எண் பெயிண்டின் பெயரே பீஜ் கிரீன் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். என் கண்ணுக்கு அது அழுக்கு வெள்ளை.

மேசை ஒழுங்குக்கு வருவோம். பெயிண்ட் குப்பிகளை நிறம் பார்த்து எடுக்கவே கூடாது. தாமியா நிறுவனத்தின் பெயிண்ட் குப்பிகளின் மூடியில் எண் உண்டு. ஆனால் மூடிகள் இடம் மாறக்கூடியவை, எனவே குப்பியின் பக்கவாட்டிலும் அடியிலும் எண்ணையும் நிறத்தின் முழுப் பெயரையும் தமிழில் எழுதி ஒட்டிவிடுகிறேன். அன்றைய வேலைக்கு வேண்டிய குப்பிகள் மட்டும் ஒரு தட்டில் இருக்கும், மற்றவை பெட்டிக்குள் போய்விடும். எக்ஸ்எஃப்-61 டார்க் கிரீன், எக்ஸ்எஃப்-62 ஆலிவ் டிராப் (பழுப்பு கலந்த ராணுவப் பச்சை), எக்ஸ்எஃப்-64 ரெட் பிரவுன் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் மேசையில் திறந்திருக்கும் நிலைமையை நான் அனுமதிப்பதில்லை. கலவைத் தட்டில் பெயிண்ட் ஊற்றும் குழியின் ஓரத்தில், ஊற்றுவதற்கு முன்பே, பென்சிலால் எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். பின்னால் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எந்தக் குழி எது என்று சொல்ல எனக்கு வேறு வழி கிடையாது.

வாங்கும் ஒவ்வொரு பெயிண்டையும் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கரண்டியின் முதுகில் பூசிக் காயவைத்து, பிடியில் எண்ணையும் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன். கரண்டியின் வளைவு விமான உடலின் வளைவைப் போலவே ஒளியை வாங்குவதால், தட்டையான அட்டையில் பூசிய மாதிரியைவிட இது நம்பகமானது. இரண்டு கரண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது அடர், எது வெளிர் என்பது எனக்கு உடனே தெரியும். எது பச்சை என்பதைப் பிடியில் உள்ள எழுத்து சொல்லும். இந்த வேலைப் பங்கீடு எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

கலப்பதைக் கண்ணால் செய்யாமல் துளிகளால் செய்ய வேண்டும். வல்லேஹோ நிறுவனத்தின் பெயிண்ட் போன்ற சொட்டு மூக்குக் குப்பிகள் இதற்கு வசதியானவை. மூன்று துளிக்கு ஒரு துளி என்று குறித்துக்கொண்டால் அடுத்த மாதம் அதே நிறத்தைத் திரும்பச் செய்யலாம். 'கொஞ்சம் மஞ்சள் தட்டும்வரை' என்ற வகை அறிவுரை எனக்கு உதவாது. ஆயத்தமாகக் கிடைக்கும் நிறத்துக்குச் சிறிது கூடுதல் விலை கொடுத்தாலும் கலவைகளைக் குறைத்துக்கொள்வதே நல்லது.

அடுத்தது செய்முறைத் தாள். இப்போதைய கிட்களில் நான்கு பக்கத் தோற்றமும் வண்ணத்தில் அழகாக அச்சிடப்பட்டு வருகின்றன. என்னைப் பொறுத்தவரை பழைய கறுப்பு வெள்ளைத் தாள்களே மேல், அவற்றில் ஒவ்வொரு பகுதியையும் கோடுகளாலோ புள்ளிகளாலோ வேறுபடுத்தியிருப்பார்கள். வண்ணத் தாள் வந்தால் அதைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்து, மனைவியையோ மகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, பச்சைப் பகுதிகள் முழுவதும் சாய்கோடுகள் போட்டுவிடுகிறேன். இது புதிய யோசனை அல்ல. ஐரோப்பியக் குலச்சின்னங்களைக் கறுப்பு மையில் அச்சிட வேண்டியிருந்த 17-ஆம் நூற்றாண்டிலேயே சிவப்புக்கு நெடுக்குக் கோடுகள், நீலத்துக்குக் கிடைக்கோடுகள், பச்சைக்குச் சாய்கோடுகள் என்று ஒரு முறை நிலைபெற்றுவிட்டது. அந்த மரபையே நானும் பின்பற்றுகிறேன். பிறகு மாடலின் மேல் உருமறைப்பின் எல்லைகளை மென்மையான பென்சிலால் வரைந்து, ஒவ்வொரு பகுதிக்குள்ளும் 'ப' அல்லது 'ம' என்று எழுதிவிடுவேன். 'ப' பச்சைக்கு, 'ம' மண் நிறத்துக்கு. பழுப்புக்கும் பச்சைக்கும் தமிழில் முதலெழுத்து ஒன்றாக அமைந்தது என் ஜாதகம் போலும்.

பூசும்போது உள்ள உண்மையான சிக்கல், ஏற்கெனவே பூசிய இடத்துக்கும் இனிப் பூச வேண்டிய இடத்துக்கும் இடையே எல்லை தெரியாததுதான். இதற்கு நான் நம்பும் வழி பளபளப்பு. பழுப்பை வழக்கம்போல் மங்கலாகப் பூசிக் காயவிட்டு, பச்சையில் தாமியாவின் எக்ஸ்-22 தெளிந்த வார்னிஷைச் சிறிது கலந்துவிட்டால், பச்சை விழுந்த இடமெல்லாம் லேசாக மின்னும். மேசை விளக்கைத் தாழ்த்தி, ஒளி பக்கவாட்டில் சரிந்து விழும்படி வைத்துப் பார்த்தால், எங்கே பச்சை சிதறியது, எங்கே விட்டுப்போனது என்பது சாயலின் உதவி இல்லாமலேயே தெரிகிறது. டெக்கால்கள், அதாவது சின்னங்களும் எண்களும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படங்கள், ஒட்டிய பின் கடைசியாக அடிக்கும் மங்கல் வார்னிஷ் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும். இடையில் செய்த தந்திரத்தின் அடையாளம் எதுவும் மிஞ்சாது.

இரண்டாவது வழி சிவப்புக் கண்ணாடித்தாள். பரிசுப் பொருள் சுற்றும் சாதாரணத் தாள்தான். அதன் வழியாகப் பார்த்தால் சிவப்பு ஒளியை அதிகம் திருப்பி அனுப்பும் பழுப்பு வெளிறியும், குறைவாக அனுப்பும் பச்சை இருண்டும் தெரியும். சாயல் வேறுபாடு அடர்த்தி வேறுபாடாக மாறிவிடுகிறது, அடர்த்தியைப் படிப்பதில் என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. நிறக்குறை உள்ளவர்களுக்குச் சிவப்பும் பச்சையுமான கண்ணாடிகளை இப்படிப் பயன்படுத்தலாம் என்று ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 19-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லியிருக்கிறார். இன்று பெருவிலைக்கு விற்கும் வடிகட்டிக் கண்ணாடிகளும் ஒளியின் ஒரு பகுதியை வெட்டி எறிந்து சில நிறங்களுக்கு இடையிலான வேறுபாட்டைக் கூட்டுபவைதாம். அவை இல்லாத கூம்பைக் கொண்டுவந்து தருவதில்லை. அணிந்து பார்த்து, தம் கண்ணுக்குப் பயன்படுகிறதா என்று உறுதி செய்த பிறகே வாங்க வேண்டும். என்னைக் கேட்டால் அந்தப் பணத்தில் நல்ல விளக்கு வாங்கலாம். 5000 முதல் 6500 கெல்வின் வரையுள்ள, சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90-க்கு மேற்பட்ட எல்இடி விளக்கு ஒன்று வந்த பிறகு, மஞ்சள் பல்பின் கீழ் நான் பட்ட பாட்டில் பாதி குறைந்தது.

கைப்பேசியும் உதவும், அதன் எல்லையை அறிந்து பயன்படுத்தினால். நிறத்தின் பெயரைச் சொல்லும் செயலிகளை நான் நம்புவதில்லை. அவை ஒரே பூச்சை ஒரு நொடி 'ஆலிவ்' என்றும் மறு நொடி 'பழுப்பு' என்றும் சொல்லும். மாறாக, படத்தில் ஒரு புள்ளியைத் தொட்டால் அதன் சிவப்பு, பச்சை, நீல அளவுகளை எண்ணாகக் காட்டும் செயலியை வைத்திருக்கிறேன். சிவப்பின் எண் பச்சையின் எண்ணைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தால் அது பழுப்புப் பக்கம். பச்சையின் எண் கூடுதலாக இருந்தால் பச்சைப் பக்கம். ஆலிவ் டிராப் போன்றவற்றில் இரண்டும் நெருங்கி நிற்கும், அங்கே இந்தச் சோதனை எதையும் தீர்க்காது. கேமரா தானாகவே வெண்மையைத் திருத்திக்கொள்ளும் என்பதால், படத்துக்குள் ஒரு வெள்ளை அட்டை இருக்க வேண்டும், ஒப்பிட வேண்டிய இரண்டு நிறங்களும் ஒரே படத்துக்குள் இருக்க வேண்டும். தனித்தனியாக எடுத்த இரண்டு படங்களை ஒப்பிடுவது வீண்.

மனிதர்களிடம் கேட்பதற்கும் ஒரு முறை வேண்டும். என் மனைவிக்குச் சேலை நிறங்களில் உள்ள நுட்பம் எந்தப் பெயிண்ட் அட்டவணையிலும் இல்லாதது. ராமர் பச்சைக்கும் பாட்டில் பச்சைக்கும், அரக்குக்கும் மெரூனுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் கடையின் மறுகோடியிலிருந்தே சொல்லுவார். ஆனால் 'இது நன்றாக இருக்கிறதா?' என்று கேட்டால், வீட்டில் சமாதானம் நிலவ வேண்டும் என்ற அக்கறையில், 'நன்றாக இருக்கிறது' என்ற பதிலே வரும். 'இந்த இறக்கை இந்தக் கரண்டியோடு ஒத்துப்போகிறதா, அந்தக் கரண்டியோடா?' என்று கேட்டால்தான் பயனுள்ள பதில் கிடைக்கும். கேள்வி எப்போதும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி இருக்க வேண்டும். அதுவும் வேலை முடிந்த பின் கேட்காமல், முதல் இறக்கையில் முதல் கோட்டை இழுத்த உடனே கேட்க வேண்டும்.

டாங்கிகளில் துருவும் அழுக்கும் காட்டுவது தனிக் கதை. ஆலிவ் டிராப் மேல் ஆரஞ்சு கலந்த துருப் பழுப்பு என் கண்ணுக்கு அடியோடு கரைந்துவிடும். எனக்குத் தெரியும் அளவுக்குத் துருவைப் பூசினால், பிறர் கண்ணுக்கு அந்த டாங்கி கடலடியிலிருந்து மீட்டெடுத்ததாகத் தோன்றும். ஆகவே துருவின் அளவை நான் கண்ணிடம் விடுவதில்லை, இடத்திடம் விட்டிருக்கிறேன்: புகைக்குழாய், சங்கிலித் தடம், வண்டியில் கட்டிய மண்வெட்டி, கோடரி ஆகியவற்றின் இரும்புத் தலைகள், இவற்றுக்கு வெளியே ஆரஞ்சுத் துரு கிடையாது. பெயிண்ட் உரிந்த விளிம்புகளுக்கு வல்லேஹோவின் 70.822 என்ற கரும்பழுப்பை மட்டும் பயன்படுத்துகிறேன். அது எந்த உருமறைப்பு நிறத்தையும்விட அடர்ந்திருப்பதால் ஒவ்வொரு கீறலும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அந்தக் கீறலைச் சுற்றி அடிநிறத்தின் வெளிறிய சாயலால் மெல்லிய ஓரம் கொடுத்தால் உரிந்த தோற்றம் வந்துவிடும். துருவுக்குத் திரவப் பெயிண்டைவிட நிறமித் தூளை விரும்புகிறேன். தூளின் சொரசொரப்பு, நிறம் மறைந்தாலும் அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும்.

சொரசொரப்பைப் படிப்பதில் எங்களைப் போன்றவர்களுக்குக் குறை இல்லை என்பது மட்டுமல்ல, சில சூழல்களில் அனுகூலமே உண்டு. சிவப்பு, பச்சைப் புள்ளிகளைத் தாறுமாறாகக் கலந்து ஒரு வடிவத்தை மறைத்துக் காட்டியபோது, நல்ல நிறப்பார்வை உள்ளவர்கள் தவறவிட்ட அந்த வடிவத்தைச் சிவப்பு–பச்சை பிரியாதவர்கள் கண்டுபிடித்ததாக, பிரிட்டனின் ராயல் சொசைட்டி இதழில் 1992-இல் ஓர் ஆய்வு வெளியானது. நிறம் அவர்களைத் திசைதிருப்பவில்லை. மேசையில் இதன் பயன் சிறியதுதான், ஆனால் உண்மையானது: பாகங்கள் சேரும் இடத்தில் நிரப்புப் பசை சரியாகத் தேய்க்கப்படாமல் இருந்தால், பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்த உடனே அது என் கண்ணில் படும்.

சிப்பாய் உருவங்களின் முகம்தான் எனக்கு இன்னும் சங்கடமானது. வெளிறிய தோல் நிறத்துக்குள் பச்சை கலந்துவிட்டால் எனக்குத் தெரியாது, பார்ப்பவருக்கு நோயாளி முகமாகத் தெரியும். நிழல், நடு, வெளிர் என்று மூன்றும் ஒரே தொகுப்பாக விற்கப்படும் தோல் நிறங்களைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. முகத்துக்கு வைத்திருக்கும் தூரிகை வேறு எதற்கும் போகாது, தண்ணீர்க் கிண்ணமும் தனி.

சில இடங்களில் விதியே போதும். விமானத்தின் இறக்கை நுனி விளக்குகளில் விமானியின் இடக்கைப் பக்கம் சிவப்பு, வலக்கைப் பக்கம் பச்சை. தாமியாவின் தெளிந்த சிவப்பான எக்ஸ்-27 இடப்பக்கத்துக்கு, தெளிந்த பச்சையான எக்ஸ்-25 வலப்பக்கத்துக்கு. இந்திய விமானப்படையின் வட்டச் சின்னத்தில் வெளிவளையம் காவி, நடுவட்டம் பச்சை.

இதே குறையோடு புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு, எந்தக் கிட் என்று கேட்டால், முதலில் ஒற்றை நிறத்தில் முடியும் ஒன்றைச் சொல்வேன்: முழுவதும் ஆலிவ் டிராப் பூசிய ஷெர்மன் டாங்கி, அல்லது போரின் கடைசி ஆண்டுகளில் முழு உடலும் பளபளக்கும் கருநீலத்தில் பறந்த அமெரிக்கக் கடற்படை விமானம். நீலத்தில் எங்களுக்குத் தகராறு இல்லை. ஸ்பிட்ஃபயர்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பறந்த வடிவத்தை எடுக்கலாம். அதன் டார்க் எர்த்துக்கு இணை மிடில் ஸ்டோன் என்ற வெளிர் மணல் மஞ்சள், அடியில் அஷூர் புளூ, மூன்றும் அடர்த்தியிலேயே பிரிந்து நிற்கும். ஐரோப்பிய வடிவமே வேண்டுமென்றால் 1941 ஆகஸ்டுக்குப் பிந்தையதைப் பார்க்கலாம். அப்போது பழுப்பை நீக்கிவிட்டு ஓஷன் கிரே என்ற சாம்பலைக் கொண்டுவந்தார்கள். பக்கத்திலுள்ள கரும்பச்சையைவிட அது வெளிர் என்பதால், பென்சில் எழுத்து அழிந்த பிறகும் எல்லை எங்கே என்று தெரியும். தாமியாவின் எக்ஸ்எஃப்-81, எக்ஸ்எஃப்-82, எக்ஸ்எஃப்-83 என்ற மூன்று குப்பிகள் அந்த விமானத்தின் மேல், கீழ் நிறங்களுக்குப் போதும், வால் பக்கத்தில் உடலைச் சுற்றி வரும் வெளிர் பட்டைக்கு மட்டும் ஸ்கை தனியாக வாங்க வேண்டும்.